சி கிரேடு கங்கையம்மாள்

கங்கையம்மாளின் பெயரைக் கரும்பலகையின் மூன்றாவது கட்டத்தில் எழுதும்போது சூப்பர்வைசர் பட்டாபிராமன் அழுத்திய அழுத்தில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. கீழே விழுந்த துண்டைக் குனிந்து எடுத்து, விட்ட எழுத்திலிருந்து எழுதி முடித்தார். முதல் கட்டத்தின் தலையில் ஏ, இரண்டாவதன் தலையில் பி, மூன்றாவதன் தலையில் சி. சி-க்குக் கீழே இருந்தது ஒரே ஒரு பெயர்தான். தொடர்ந்து மூன்று வாரம் சி-யில் இருப்பவர் மிஷினை விட்டு எழுந்து, நூல் வெட்டுகிற மேஜைக்குப் போய்விட வேண்டும் என்று அடியில் சிவப்பு சாக்பீஸில் எழுதியிருந்தது. கங்கையம்மாளுக்கு இது இரண்டாவது வாரம்.

எண்பத்தொன்பதாம் வருஷம். தாம்பரத்துக்கு மேற்கே, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட். உள்ளே முப்பத்திரண்டு தையல் மிஷின். மேலே கூரை காய, கீழே மோட்டார் காய, நடுவில் உட்கார்ந்து வேர்த்து வழிந்துகொண்டு, எங்கோ குளிரில் நடுங்குகிற யாருக்கோ போர்வை தைத்துக்கொண்டிருந்தார்கள் இந்தப் பெண்கள். சாதாரணப் போர்வை இல்லை. கலர் துணிகளை முக்கோணமாக வெட்டி, எட்டு முக்கோணத்தை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு காற்றாடி. ஒரு காற்றாடிக்கு ஒரு பிளாக் என்று பெயர். நாற்பத்திரண்டு பிளாக் சேர்ந்தால் போர்வையின் மேல்பக்கம். அதற்கடியில் பஞ்சு, பஞ்சுக்கடியில் இன்னொரு துணி, மூன்றையும் சேர்த்துப் பெரிய மிஷினில் ஓட்டினால் வேலை முடிந்தது.

எல்லாம் சரி, அந்த எட்டு முனையும் வந்து சேர்கிற நடுப்புள்ளிதான் பேஜார். ஒவ்வொரு தையலுக்கும் வெளியே ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குத் துணி விட்டிருக்கும். அதை மடித்து இஸ்திரி போட்டு, மறுபடி தைத்து, மறுபடி மடித்தால் நடுவில் மடிப்புக்கு மேல் மடிப்பு ஏறிக் குண்டாக ஒரு மேடு எழும்பும். பெண்கள் அதற்குக் கொழுக்கட்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். பெரிய மிஷின் ஓட்டுகிற தயாளன் அதற்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது. ஊசி அந்த மேட்டில் ஏறியதும் படக்கென்று முறியும். முறிந்த ஊசியின் துண்டெல்லாம் தேடி எடுத்து, நோட்டில் செலோடேப் போட்டு ஒட்டினால்தான் அடுத்த ஊசி கிடைக்கும். தயாளன் பாதி நாள் தரையில் மண்டிபோட்டு ஊசிமுனை தேடிக்கொண்டிருப்பான்.

இதற்கு வழி கங்கையம்மாளுக்கு முதல் நாளே தெரியும். இந்தக் கம்பெனிக்கு வருமுன் ஒன்பது வருஷம் அவள் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு கோட்டுக் கடையில் தைத்தவள். கோட்டுக் காலரில் நாலைந்து துணி ஒன்றன் மேல் ஒன்று வரும். அதை அப்படியே விட்டால் கழுத்தில் கயிறு சுற்றியது மாதிரி இருக்கும். அதனால் உள்ளே இருக்கும் துணிகளில் ஒன்றை முழு அகலத்துக்கு விட்டு, அடுத்ததைக் கொஞ்சம் குறைத்து, அதற்கடுத்ததை இன்னும் குறைத்துப் படிப்படியாக வெட்டுவார்கள். மேடு சரிவாகிவிடும். பிடிப்பும் போகாது, ஏனென்றால் ஒரு துணியாவது முழுதாக நிற்கிறது.

வேலைக்குச் சேர்ந்த வாரமே அவள் இதைப் பட்டாபிராமனிடம் சொன்னாள்.

"சார், கோட்டு காலருக்கு வெட்ற மாதிரி இத்தையும் படிப்படியா வெட்டிடலாம் சார். கொழுக்கட்ட வராது."

"இது கோட் இல்லம்மா, எக்ஸ்போர்ட்" என்றார் பட்டாபிராமன். "அமெரிக்காவுல வாங்கற பையர் பேப்பர் அனுப்பியிருக்கான். அதுல இருக்கிறபடி செஞ்சா போதும். விட்ட துணியில கத்தரி வைக்கக் கூடாது."

பட்டாபிராமன் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அஸ்தினாபுரத்தில் சொந்த வீடு, பி.காம்., காலை எட்டரைக்கு நெற்றியில் சந்தனத்தோடு ஷெட்டுக்குள் நுழைகிற மனிதர். அதற்கு முன் பதினோரு வருஷம் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் இருந்தார். அங்கே தோலைத் தடவிப் பார்த்து ஏ கிரேடு, பி கிரேடு, சி கிரேடு என்று அடுக்குவதுதான் அவருக்கு வேலை. அந்தக் கட்டைவிரலோடுதான் இங்கே வந்தார். சனிக்கிழமைதோறும் ஒவ்வொருத்தியின் பிளாக்கிலும் பத்து எடுத்து, நடுப்புள்ளியில் கட்டைவிரலை வைத்து அமுக்குவார். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால் ஏ. கொஞ்சம் தட்டினால் பி. கொழுக்கட்டை என்றால் சி. பெண்கள் அவருக்குக் கட்டைவிரல் ஆபீசர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கத்தரி வைக்கக் கூடாது என்று சொன்னவர் விரலுக்குத் தட்டக் கூடாது என்றும் சொன்னால் என்ன செய்வார்கள்? ஒவ்வொருத்தியும் அவருக்குத் தெரியாமல் கத்தரி வைத்தாள். படிப்படியாக வெட்ட யாருக்குப் பொறுமை? விட்ட துணி மொத்தத்தையும் தையலை ஒட்டி, நூலிழை அளவுக்கு ஒரே நறுக்காக நறுக்கினார்கள். பிளாக் தட்டையாகிவிட்டது. விரல் ஏமாந்தது. பலகையில் ஏ கட்டம் நிரம்பி வழிந்தது.

நறுக்காதவள் கங்கையம்மாள் ஒருத்திதான்.

"அக்கா, சும்மா நறுக்கிட்டுப் போங்கக்கா" என்றாள் பக்கத்து மிஷின் தபீதாள். அவள் இரண்டு வாரமும் ஏ. "பின்பக்கம்தான, பஞ்சுக்குள்ள போயிடுது. எவன் பாக்கப் போறான்?"

"பாக்கமாட்டான். தோய்ப்பான் இல்ல?" என்றாள் கங்கையம்மாள். "ரெண்டு தோய் தோய்ச்சா நூலு பிரிஞ்சிகினு வாயத் தொறக்கும். அத்த என் கையால தெச்சேன்னு இன்னாத்துக்கு நா அனுப்பணும்?"

"அமெரிக்காக்காரன் வூட்ல தொறந்தா நமக்கு இன்னாக்கா?"

"வூடு எவன் வூடா இருந்தா இன்னா. தையல் என்து."

இந்த வீம்பு அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மாடம்பாக்கத்தில் நிறைய பேர் சொல்வார்கள். புருஷன் தட்சிணாமூர்த்தியின் பங்கு நிலம் முழுவதும் பிளாட் போட்டு விற்றாகிவிட்டது. நிலமிருந்த வீட்டு மருமகள் பஸ் ஏறிக் கம்பெனிக்குப் போகிறாளே என்று தெருவில் பேசினார்கள். "வித்தது நெலத்தத்தான். கைய யாரும் வாங்கிகினு போல" என்று அவள் அந்தத் தெருவிலேயே நின்று சொன்னாள். பதினாலாம் நம்பர் மிஷின் அவளுடையது. அவள் பெயருக்கு என்று உலகத்தில் இருந்த நாற்காலி அது ஒன்றுதான். நூல் வெட்டுகிற மேஜையில் நாற்காலி கிடையாது. நின்றுகொண்டே அடுத்தவள் தைத்ததன் வாலை வெட்ட வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்குக் கோபம் வந்தது. பயமாகவும் இருந்தது. பயத்தை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை பட்டாபிராமன் அவளைக் கூப்பிட்டார். எச்சரிக்கைக் கடிதம் என்று ஒரு தாளை நீட்டி, அடியில் கையெழுத்துப் போடச் சொன்னார். கங்கையம்மாள் பேனாவை வாங்கிக்கொண்டு குனிந்தாள். குனிந்த இடத்தில், மேஜைக் கண்ணாடிக்கு அடியில், வெளிநாட்டிலிருந்து வந்த அந்தப் பேப்பர் இருந்தது.

பேப்பரில் ஒரு வரி இங்கிலீஷ், அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம். மூன்று கோடு ஒன்றன் மேல் ஒன்று. இடது பக்கம் மூன்றும் ஒன்றாகத் தொடங்கி, வலது பக்கம் ஒன்று நீளமாக, ஒன்று குறைச்சலாக, ஒன்று இன்னும் குறைச்சலாக நின்றன. ஒவ்வொரு முனைக்கும் ஒரு அம்புக்குறி. அம்புக்குறிக்குப் பக்கத்தில் ஏ, பி, சி.

கங்கையம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"சார், இந்த வரி இன்னா சார்?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? கையெழுத்துப் போடு."

"படிச்சிதான் சொல்லுங்களேன்."

பட்டாபிராமன் படித்தார். "கிரேடு ஆல் சீம்ஸ். எல்லாத் தையலுக்கும் கிரேடு போடணும்னு அர்த்தம். அதைத்தானே வாரா வாரம் போட்டுண்டிருக்கேன். ஏ, பி, சி. படத்துலயே படி மாதிரி போட்டிருக்கான் பார், மேல ஏ, கீழ சி."

கங்கையம்மாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வந்த கோபத்தில் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

"அது கோட்டு காலர் சார்" என்றாள். "படி இல்ல, துணி. மூணு துணிய மூணு அளவுல வெட்றதத்தான் கிரேடுன்னு போட்டுகீறான். நா மொத நாளு வந்து சொன்னேனே, அத்தான். கத்தரி வைக்காதன்னு சொன்னீங்க. வைய்யின்னு பேப்பர்ல போட்டுகீது."

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது சார். துணி தெரியும்."

சுற்றியிருந்த மிஷின்களில் நாலைந்து நின்றுவிட்டன. மிஷின் நின்றால் காது கேட்கும். காது கேட்பதற்காகத்தான் நிறுத்தினார்கள். பட்டாபிராமனின் முகம் சிவந்தது. பதினோரு வருஷம் கிரேடு போட்ட மனிதரிடம் ஒரு தையல்காரி வந்து கிரேடுக்கு அர்த்தம் சொன்னால் பின்னே எப்படி இருக்கும்?

"சனிக்கிழமை பார்த்துக்கலாம். போ" என்றார்.

"கையெழுத்து போட மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

போனவள் சும்மா உட்காரவில்லை. கத்தரியை எடுத்து மடியில் ஒளிக்காமல் மிஷின் மேலே, எல்லார் கண்ணுக்கும் எதிரே வைத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பிளாக்கிலும் மேல் துணியை முழுசாக விட்டு அடுத்ததைப் பாதியாகக் குறைத்தாள். நீட்டிக்கொண்டிருந்த முக்கோண வால்களை வெட்டினாள். அப்புறம் நடுப்புள்ளிக்கு வந்தாள். இது கோட்டில் இல்லாத சங்கதி. திங்கள் முழுக்க மூன்று பிளாக்கைப் பாழாக்கித்தான் கண்டுபிடித்தாள். இரண்டு பாதியையும் சேர்க்கக் கடைசியாகப் போட்ட நீளத் தையலுக்கு வெளியே, விட்ட துணியில் மட்டும் இருக்கிற இரண்டு மூன்று தையலை ஊசிமுனையால் பிரித்துவிட்டால், இத்தனை நேரம் ஒரே பக்கம் ஏறிக்கிடந்த மடிப்பெல்லாம் விடுபட்டுக்கொண்டு, வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்கின்றன. முன்பக்கம் காற்றாடி, திருப்பினால் பின்பக்கமும் நடுவில் ஒரு குட்டிக் காற்றாடி. அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தால் அப்பளம் மாதிரி தட்டை.

புதன்கிழமை தயாளன் வந்து நின்றான். "இன்னாக்கா மந்திரம் போட்ட? உன் பிளாக் வர்ற இடத்துல மட்டும் ஊசி உடையல. நா ரெண்டு நாளா எண்ணிகினு கீறேன்."

"ஆபீசராண்ட போயி சொல்லு" என்றாள் அவள். தயாளன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். ஆபீசரிடம் சொல்கிற தைரியம் அவனுக்கு எங்கே வரப் போகிறது?

சனிக்கிழமை வந்தது. பட்டாபிராமன் வழக்கம்போல முதல் மிஷினிலிருந்து தொடங்கினார். பதினாலாம் நம்பருக்கு வந்ததும் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். இன்னொன்றை எடுத்து அமுக்கினார். பத்தையும் அமுக்கினார். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. திருப்பிப் பார்த்தார். கத்தரி பட்ட படிகளும் குட்டிக் காற்றாடியும் பளிச்சென்று தெரிந்தன.

"தட்டையாத்தான் இருக்கு" என்றார். "ஆனா கத்தரி வைக்கக் கூடாதுன்னு நான் சொல்லியிருக்கேன். சொன்ன பேச்சு கேட்காததுக்கு சி."

ஏ-யில் இருந்த பத்தொன்பது பேரும் கத்தரி வைத்தவர்கள்தான் என்று பட்டாபிராமனைத் தவிர ஷெட்டில் தெரியாதவர் ஒருவருமில்லை. எல்லாரும் குனிந்து பாபினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கங்கையம்மாளுக்கு அந்தக் குனிந்த தலைகள்தான் பட்டாபிராமனைவிட அதிகமாக வலித்தன.

அவள் எழுந்து நின்றாள்.

"சாப்பாட்டு மணி அடிச்சதும் வெளில தோய்க்கிற கல்லாண்ட வாங்க சார். போர்டுல அப்பால எழுதலாம். எனக்கு ஒரு ஏ கிரேடு பிளாக் வேணும்."

"கம்பெனி சரக்கை எல்லாம் தர முடியாது."

யாரோ ஒருத்தியின் நாற்காலி நகர்ந்தது. தபீதாள். அன்று காலை தைத்த தன் பிளாக்கில் ஒன்றை எடுத்துக் கங்கையம்மாளின் கையில் கொடுத்தாள்.

"என்து எடுத்துக்கங்கக்கா. ஏ கிரேடுதான், போர்டுலயே எழுதிகீது."

ஷெட்டுக்குப் பின்னால் கேன்டீன்காரர் துணி தோய்க்கிற கல் ஒன்று இருந்தது. மணி அடித்ததும் மற்ற முப்பத்தொரு பேரும் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் பிடித்தபடி அதைச் சுற்றி நின்றார்கள். பட்டாபிராமனும் வந்தார், வராமல் இருந்தால் பயந்துவிட்டார் என்று ஆகிவிடுமே. கங்கையம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு பிளாக்கையும் வாளியில் முக்கினாள். வலது கையில் தன்னுடையது, இடது கையில் தபீதாளுடையது. சோப்பு போட்டாள். பிறகு இரண்டையும் ஒன்றாகவே கல்லில் அறைந்தாள்.

தோய்த்தாள் என்று சொல்வது பொருந்தாது. இரண்டு வாரமாகப் பலகையில் இருந்த தன் பெயரை அடித்தாள். கையை யாரும் வாங்கிக்கொண்டு போகவில்லை என்று தெருவுக்குச் சொன்ன அதே கை. சோப்புத் தண்ணீர் பட்டாபிராமனின் பேன்ட் வரைக்கும் தெறித்தது, அவர் நகரவில்லை. பதினைந்து அடிக்குப் பிறகு நிறுத்தி, இரண்டையும் பிழிந்து, எல்லாருக்கும் தெரியும்படி விரித்துக் காட்டினாள்.

அவளுடையது நனைந்த காற்றாடி, அவ்வளவுதான். தபீதாளுடையதில் நடுப்புள்ளி வாய் பிளந்திருந்தது. எட்டு முனையில் ஐந்து பிரிந்து, நூல் தாடிபோலத் தொங்கியது. கங்கையம்மாள் அந்த ஓட்டைக்குள் தன் கட்டைவிரலை விட்டாள். விரல் மறுபக்கம் வந்தது.

"அமுக்கிப் பாருங்க சார்" என்றாள். "ஒண்ணும் தட்டுப்படாது."

யாரோ சிரித்தார்கள். உடனே நிறுத்தியும்விட்டார்கள். ஏனென்றால் அடுத்த நிமிஷமே எல்லாருக்கும் கணக்குப் புரிந்துவிட்டது: அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிற ஏ கிரேடு அத்தனையும் இந்தக் கதிதான். தைத்ததெல்லாம் மறுபடி தைக்க வேண்டும்.

"இப்ப சந்தோஷமா?" என்றாள் ஏ கட்டத்தில் முதல் பெயர்க்காரி பொன்னியம்மாள். "உன் வாயால எங்க எல்லாருக்கும் டபுள் வேலை."

"ஆமா, வேலதான்" என்றாள் கங்கையம்மாள். "நறுக்கும்போது என்னாண்ட கேட்டா நறுக்கின? வா, குந்து, எப்டி வெட்றதுன்னு காட்றேன். திட்டிகினே கத்துக்க, பரவால்ல."

பட்டாபிராமன் கிழிந்த பிளாக்கை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு கங்கையம்மாளின் பிளாக்கை வாங்கித் திருப்பி, முழுதாக நின்ற துணியையும் குறைந்திருந்த துணியையும் நகத்தால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பேப்பரில் இருந்த படம் அவர் கையில் ஈரமாக இருந்தது. அவர் முட்டாள் இல்லை, புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

"சரி" என்றார். "உன் பேரை ஏ-ல போட்டுடறேன்."

அவ்வளவு பேரும் அவளைப் பார்த்தார்கள். இதற்குத்தானே இத்தனை பாடு, வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வாள் என்றுதான் தபீதாள்கூட நினைத்தாள்.

கங்கையம்மாள் அவர் கையிலிருந்து கிழிந்த ஏ கிரேடு பிளாக்கை எடுத்துக்கொண்டாள். ஷெட்டுக்குள் நடந்தாள். எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள். கரும்பலகைக்கு முன்னால் நின்று, தண்ணீர் சொட்டுகிற அந்தத் துணியை மடித்துப் பிடித்து, மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தாள். ஏ போனது. இன்னொரு இழுப்பில் பி போனது. கடைசியாகத் தன் பெயரையும், அதற்கடியில் இருந்த சிவப்பு எழுத்தையும் துடைத்தாள். அதைத் துடைக்கும்போது கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தாள்.

"கிரேடு போடணும்னு பேப்பர்ல இருக்கேம்மா" என்றார் பட்டாபிராமன். குரலில் அதிகாரம் இல்லை. பையருக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை மட்டும்தான் இருந்தது.

"போடுவோம் சார்" என்றாள் கங்கையம்மாள். "துணிக்குத்தான போடச் சொல்லிகீறான். எங்களுக்கு இல்லியே."

அந்தத் துணியைத் தபீதாளிடம் கொடுத்துவிட்டு, பதினாலாம் நம்பர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரம் இன்னும் முடியவில்லை. அதற்குள் பொன்னியம்மாள், வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி, கத்தரியோடு அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.